போர்வை நூல் கோபுரம்

மாலை ஐந்தே கால். சமணர் என்பதால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டிய குந்துநாதன் இலையின் முன் உட்கார்ந்தபோது காந்தா படியேறி வந்தாள்.

“மூணு ஆபீஸ் ஏறி எறங்கிட்டேங்க. ஒருத்தரும் காது குடுக்கல.”

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடிதான் குந்துநாதனின் துப்பறியும் அலுவலகம். உதவியாளன் முனிரத்தினம் பென்சிலை எடுத்தான். எதையும் முதலில் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் அவனுக்கு.

காந்தா பிள்ளையார்பாளையத்து நெசவாளி. கணவன் அப்பாதுரை தறியை விட்டுப் பட்டாளத்துக்குப் போனவன். எழுபத்தொன்றின் போரில் காணாமல் போனான். ஒரு வருடம் கழித்துப் போர்க் கைதிகள் திரும்பினார்கள். அதில் அவன் இல்லை. அதே படைப்பிரிவைச் சேர்ந்த ஓரிக்கை வீரபத்திரன் இருந்தான். சண்டையின் முதல் நாளே அப்பாதுரை குண்டு பட்டு இறந்ததைப் பார்த்ததாக அவன் எழுதிக் கொடுத்தான். காரியமும் முடிந்தது.

“இப்ப பள்ளிக்கூடத்துல கண்காட்சி வச்சிருக்காங்க. கைதிங்க முகாம்ல செஞ்ச சாமானுங்க. அதுல நெய்த கோபுரம் ஒண்ணு இருக்குது. வீரபத்திரன் பேரு போட்டிருக்குது. ஆனா அது எங்க வூட்டுக்காரரு கைவேலைங்க.”

“எப்படித் தெரியும்?”

“பத்து வருசம் பக்கத்துல குந்திக்கினு நெய்ஞ்சிருக்கேன். தெரியாதா?”

“அது சாட்சி ஆகாதும்மா.”

“எல்லாரும் அதையேதான் சொல்றாங்க.”

“அவர் நெய்ததுன்னா முதல் நாளே அவர் சாகலை. அதுதானே கேள்வி?”

“அவ்ளோதாங்க.”

குந்துநாதன் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

கண்காட்சிச் செயலாளர் கோதண்டபாணி சாவிக்கொத்துடன் வாசலிலேயே நின்றார். “ஆறு மணிக்குப் பூட்டணும். எதையும் தொடக் கூடாது.”

உள்ளே சோப்பில் செதுக்கிய பிள்ளையார், சிகரெட் காகிதத்தில் பூக்கள், அட்டைப்பெட்டியை வெட்டிச் செய்த சீட்டுக்கட்டு. கடைசிக் கண்ணாடிப் பெட்டியில் கோபுரம். இரண்டு கையகலத் துணியில் நெய்த கோபுர உருவம். முகாம் போர்வையின் சாம்பல் நூல் நடுவில், ஏதோ துண்டிலிருந்து உருவிய சிவப்பு நூல் இரு கரையிலும்.

“கோர்வைக் கரை, சார்!” என்றான் முனிரத்தினம். “கரையைத் தனி நூலில் நெய்து உடலோடு கோத்திருக்கு. வீரபத்திரன் ஏர் பிடித்தவன். கேஸ் முடிந்தது.”

“அப்பாதுரை பட்டாளத்திலேயே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.”

பென்சில் இறங்கியது.

குந்துநாதன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இடப்புறம் சிவப்பும் சாம்பலும் கோடு கிழித்ததுபோல் சேர்ந்தன. வலப்புறம் பல் பல்லாக இருந்தது. உச்சியில் இரண்டு விரல் உயரத்துக்கு மட்டும் இரு புறமும் பல்.

“பின்பக்கம் பார்க்கணும்.”

“முடியாது. மேலிடத்து உத்தரவு.”

கால் மணி நேரம் வாதாடியும் பயனில்லை. காந்தா குறுக்கே வந்தாள். “ஏண்ணா, இது என்ன சோப்புப் பிள்ளையாரா, தொட்டா கரைஞ்சு போறதுக்கு?”

கோதண்டபாணி முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார்.

துணியின் பின்புறத்தில் சாண் சாணாக உருவிய நூல்கள் இணைந்து ஓடின. கீழிருந்து மேல்வரை எங்கும் முடிச்சில்லை. இரு நுனிகளையும் திரித்து ஒன்றாக்கியிருந்தது. உச்சியில், அந்த இரண்டு விரல் உயரத்தில் மட்டும், எல்லாம் முடிச்சு.

“உன் முந்தானை நூல் ரெண்டைத் திரிம்மா.”

அவள் திரித்தாள். அவளுடைய முறுக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. துணியிலிருந்த முறுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

“அவரு எடது கைக்காரரு,” என்றாள். “எங்க மாமியார் அடிச்சுக்கூட மாறல.”

ஓரிக்கை பஸ் வரவில்லை. மூவரும் நடந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது. குந்துநாதனுக்கு இன்றும் சாப்பாடு போயிற்று.

வீரபத்திரன் கத்தரிச்செடிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். காந்தாவைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றினான்.

“அந்தக் கோபுரம் நான் செஞ்சதுதான் சார். போங்க.”

“பாதி நீங்க செஞ்சது,” என்றார் குந்துநாதன். “தறியிலே கோர்வை நெய்ய ரெண்டு பேர் வேணும். வலது கரைக்குத் தனி ஆள். ஆனா இது ரெண்டு கையகலம். ஒருத்தனே ரெண்டு பக்கமும் விரலாலே கோத்துடலாம். வேற யாரானாலும் அப்படித்தான் செஞ்சிருப்பான். இந்த ஊர்த் தறியிலே வளர்ந்தவன் வலது கரையைத் தானே தொட மாட்டான். பக்கத்திலே ஒருத்தரை உட்கார வைப்பான். உங்களை உட்கார வைச்சார். அதனாலேதான் இடது கரை நேரா இருக்கு, வலது கரை பல்லா இருக்கு.”

“வேற நெசவாளி இருந்திருக்கக் கூடாதா?” என்றான் வீரபத்திரன்.

“நூலைத் திரிச்சது இடது கை. உச்சியிலே திரிப்பு நின்னுபோய் முடிச்சு வருது. இடது கரையும் பல்லாகுது. அதுக்கு மேலே நீங்க மட்டும்தான். அப்பாதுரை முகாமிலே இருந்தார். துணி முடியறதுக்குள்ளே இல்லாமப் போனார்.”

வாய்க்கால் நிரம்பி வழிந்தது. வீரபத்திரன் மடையை அடைக்கவில்லை.

“முகாம்ல ஒரு நாள் காலைல ரெண்டு பேரு வந்தாங்க. அவனை மட்டும் இட்டுக்கினு போனாங்க. திரும்பல. விடுதலையப்ப அவன் பேரைக் கேட்டோம். அப்படி ஒருத்தன் இல்லவே இல்லைன்னுட்டாங்க.”

“ஏன் பொய் சொன்னீங்க?” என்று சீறினான் முனிரத்தினம்.

“செத்தான்னா இந்தம்மா அழுது முடிச்சுடும்பா. காணோம்னா ஆயுசுக்கும் வாசலையே பார்த்துக்கினு இருக்கணும்.”

“இதை எழுதிக் கொடுங்க,” என்றார் குந்துநாதன்.

“முன்ன ஒண்ணு எழுதிக் குடுத்துட்டேனே. பொய் சொன்னேன்னு என்னைத்தான் உள்ள வைப்பாங்க. மாட்டேன் சார்.”

“துணியே சாட்சி, சார்!” என்றான் முனிரத்தினம்.

“எந்த ஆபீஸ்லே? ரெண்டு கை தெரியுதான்னு நான் கேட்பேன். எத்தனை மணிக்குப் பூட்டணும்னு அவங்க கேட்பாங்க.” குந்துநாதன் பூதக்கண்ணாடியைத் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

காந்தா அழவில்லை. வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“நெசவு பாதியில இருக்கச்ச எழுந்து போற ஆளு இல்லண்ணா அவரு. சோத்துக்குக் கூப்ட்டாகூட வர மாட்டாரு. என்ன சொல்லி எழுப்புனாங்க?”