பொத்தான் பவளத்துக்கு ஒரு விளக்கு

சுண்டுவின் அப்பா கூடத்து மூலையில் ஒரு குட்டிக் கடலை வளர்த்துவந்தார். கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர், சில பாறைகள், ஒரு கோமாளி மீன். பாறைகள்மேல் பொத்தான் பவளம். யாரோ சட்டைப் பொத்தான்களைக் கொட்டி ஒட்டிவைத்ததுபோல இருக்கும். ஆனால் அத்தனைக்கும் உயிர் உண்டு. விளக்கைப் போட்டால் ஒவ்வொன்றாக விரிந்து, பச்சைக் குஞ்சலங்களை ஆட்டும்.

அப்பாவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கறுப்புக் கண்ணாடியுடன், திரை போட்ட அறையிலேயே இருந்தார். வெளிச்சத்துக்குக் கண்ணை மெல்ல மெல்லத்தான் பழக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை தொட்டியைச் சுண்டுதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத் தொட்டி விளக்கு 'டப்' என்று அணைந்தது. உப்புநீர் தெறித்துத் தெறித்து உள்ளே எல்லாம் அரித்துப்போயிருந்தது.

புது விளக்கு இப்போதைக்கு முடியாது, ஆஸ்பத்திரிச் செலவே கழுத்தைப் பிடிக்கிறது என்றாள் அம்மா. அப்பாவிடம் சொல்லிக் கவலைப்படுத்தவும் வேண்டாம் என்றாள். சுண்டு தன் படிப்பு மேசை விளக்கைக் கொண்டுவந்து வைத்தாள். அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பொத்தான்கள் சட்டை செய்யவில்லை. இறுக மூடிக்கொண்டே இருந்தன.

"பொத்தானெல்லாம் விரியுதா, சுண்டு?" என்று அப்பா தினமும் கேட்பார்.

"கோமாளி நல்லா சாப்பிடுதுப்பா" என்பாள் சுண்டு.

ஒருநாள் பேச்சோடு பேச்சாக, பவளத்துக்கு எந்த வெளிச்சம் பிடிக்கும் என்று கேட்டாள். அப்பா உற்சாகமாகிவிட்டார். கடலுக்குள் போகப் போகச் சிவப்பும் மஞ்சளும் மங்கிவிடுமாம், நீலம்தான் ஆழம்வரை போகுமாம். அதனால் பளீர் வெள்ளையும் நீலமும் கலந்தால் பவளத்துக்குக் கொண்டாட்டமாம்.

மறுநாள் பள்ளிவிட்டு வரும்போது சுண்டுவின் கால்கள் தாமாகவே நின்றன. தெருமுனையில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்யும் போர்டு அக்காவின் பட்டறை. உள்ளே ஒரு பலகையைக் கீழே கிடத்தி, எரியவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தாள் அக்கா. எழுத்துகள் வெள்ளை, ஓரமெல்லாம் நீலம்.

"அக்கா, பழைய போர்டுல இருக்கிற லைட்டை எல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"சும்மாதான் கிடக்குது. உனக்கெதுக்கு?"

சுண்டு மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்த அக்கா, மூலையில் கிடந்த பெட்டியைக் குடைய ஆரம்பித்தாள். மழையில் நனைந்தாலும் கெடாத சின்னச் சின்ன விளக்குகள் கிடைத்தன. வீட்டிலிருந்து ஒரு பழைய அலுமினியத் தட்டைச் சுண்டு தூக்கி வந்தாள். அதன் அடியில் வெள்ளையும் நீலமுமாக விளக்குகளை ஒட்டினார்கள். மின்சார வேலை முழுவதையும் அக்காவே செய்தாள். வீட்டுக்கே வந்து விளக்கை மாட்டி, தண்ணீர் தெறிக்காமல் இருக்கத் தொட்டிக்குக் கண்ணாடி மூடியும் போட்டாள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டால் காதைத் திருகிவிடுவேன் என்றும் சொல்லிவைத்தாள்.

விளக்கைப் போட்டதும் கூடமே கடலாகிவிட்டது. அம்மா வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

ஆனால் மறுநாள் சுண்டு ஓடிவந்து பார்த்தபோது, பொத்தான்கள் முன்னைவிடச் சுருங்கிப்போயிருந்தன. சில வெளுத்தும்விட்டன. நல்லது செய்யப்போய்க் கொன்றே விடுவோமோ?

அப்போது அம்மா தேநீருடன் அப்பாவின் அறைக் கதவைத் திறந்தாள். கூடத்து வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. அப்பா சட்டென்று முகத்தைத் திருப்பி, கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

சுண்டு அப்பாவைப் பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். அவையும் இத்தனை நாள் இருட்டிலேயே இருந்தவைதானே!

பரண்மேல் கிடந்த கிழிந்த கொசுவலையை எடுத்து வந்து, வெட்டி, பல மடிப்பாக மடித்துக் கண்ணாடி மூடியின்மேல் விரித்தாள்.

"ஏன்டி, பவளத்துக்குக் கொசு கடிக்குதா?" என்றாள் அம்மா.

"கண்ணு கூசுதும்மா" என்றாள் சுண்டு.

சில நாளுக்கொருமுறை ஒவ்வொரு மடிப்பாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஒரு மாலை, பாறையின் விளிம்பில் ஒரு பொத்தான் பயந்து பயந்து விரிந்தது. சுண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மறுநாள் அதன் பக்கத்து வீட்டுக்காரர்களும் விரிந்தார்கள். வெளுத்தவற்றுக்கும் மெல்ல நிறம் திரும்பியது. கடைசிப் பொத்தானும் விரிந்த அன்று, அப்பா கேட்பதற்கு முன்பே அவள் ஓடிப்போய் எல்லாக் கதையையும் கொட்டிவிட்டாள். அப்பா அவள் தலையில் கையை வைத்து, அப்படியே வைத்திருந்தார்.

டாக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று சொன்ன அன்று, சுண்டு அப்பாவைக் கைபிடித்து அழைத்து வந்து தொட்டிக்கு முன்னால் உட்காரவைத்தாள். வலை இல்லை. பாறை முழுக்கப் பச்சைக் குஞ்சலங்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"பாருங்கப்பா" என்றாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைச் சிமிட்டினார். ஆனால் அவர் பார்த்தது தொட்டியை அல்ல, சுண்டுவின் முகத்தை.

"முன்பல்லு எப்ப விழுந்துச்சு? சொல்லவே இல்லையே?"

"நீங்க பொத்தானைத்தானேப்பா கேட்டீங்க?"

அப்பா சிரித்தார். அவள் தாடையைப் பிடித்து, தொட்டி வெளிச்சம் விழும்படி மெதுவாகத் திருப்பினார். சுண்டு வாயை 'ஆ' என்று திறந்து காட்டினாள்.

உள்ளே ஒரு புதுப் பல், அரிசி நுனி அளவுக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.