அடியில் ஊர்ந்த நீலம்

வகுப்பிலேயே குள்ளம் என்பதால் அவளுக்குப் பொடிசு என்று பெயர் விழுந்திருந்தது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. அறிவியல் கண்காட்சியில் மற்றவர்கள் குனிந்து பார்க்க வேண்டிய கண்ணாடித் தொட்டி, அவள் கண்மட்டத்துக்குச் சரியாக இருந்ததே!

தொட்டியில் மீன் கிடையாது. தண்ணீரும், அடியில் சில கருங்கற்களும்தான். அந்தக் கற்கள்தான் கடலுக்கடியில் இருக்கும் மலைகள். ஆழ்கடல் தண்ணீர் எப்படிப் பயணம் போகிறது என்று காட்டுவது பொடிசின் வேலை. அவளுக்குக் கூட்டாளி லொடலொடை. வாயை மூடினால் மூச்சு முட்டிவிடும் என்பதுபோல ஓயாமல் பேசுகிறவன்.

செய்முறை சுலபம்தான். நீல மை கலந்து உறைய வைத்த பனிக்கட்டிகளைத் தொட்டியின் ஓரத்தில் மிதக்கவிட வேண்டும். உருகி வரும் குளிர்ந்த தண்ணீர் கனமானது. அதனால் நீலம் கீழே இறங்கும். வீட்டில் கண்ணாடிக் கிண்ணத்தில் பொடிசு செய்து பார்த்தபோது, நூல் நூலாக அழகாக இறங்கியது.

இன்று இறங்கவில்லை. பாய் விரித்தாற்போல மேலேயே படர்ந்து நின்றது. பார்க்க வந்தவர்கள் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்கள்.

"உங்க கடலுக்கு ஆழமே கிடையாதா?" என்று கேட்டான், பக்கத்து மேசையில் எரிமலை செய்திருந்த பையன்.

பொடிசு திரும்பிப் பார்த்தாள். லொடலொடை வாயே திறக்கவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"என்னடா, பேச மாட்டேங்கிற?"

"நான் ஒண்ணு பண்ணிட்டேன்." அவன் குரல் உள்ளே போயிருந்தது. "கடல்னா உப்பு வேணுமேன்னு, காலையில தொட்டியில உப்பைக் கொட்டிக் கலக்கிட்டேன். உனக்குச் சொல்லாம அசத்தலாம்னு நெனச்சேன்."

மேசையருகே நின்ற வகுப்புத் தலைவி தலையில் கைவைத்தாள். "போச்சு. எல்லாத்தையும் கொட்டிட்டு வேற தண்ணி பிடிங்க. இவனைச் சேர்த்ததே தப்பு."

லொடலொடை வாசலைப் பார்த்து நடந்தான்.

பொடிசு தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. ஏதோ புரிகிற மாதிரி இருந்தது.

"டேய், நில்லு. கொட்ட வேண்டாம். கடல்ல உப்பு இருக்குல்ல? உப்பே இல்லாம கடலைக் காட்டப் பார்த்தது நான்தான்."

அவன் நின்றான்.

"பனிக்கட்டி உருகினா வர்றது நல்ல தண்ணி. உப்புத் தண்ணியை விட லேசு. அதான் மேலயே நிக்குது. ஆனா, துருவத்துல கடல் உறையும்போது பனிக்கட்டி உப்பை வெளிய தள்ளிடும்னு டீச்சர் சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா? அப்போ மிச்சத் தண்ணி..."

"இன்னும் கரிக்கும்," என்றான் அவன்.

"இன்னும் கனக்கும். உப்பு மிச்சம் இருக்கா?"

அவன் பையிலிருந்து பாதிப் பொட்டலத்தை எடுத்தான்.

ஒரு குவளைத் தண்ணீரில் உப்பை நிறையப் போட்டு, நீல மையை விட்டுக் கலக்கினார்கள். மிதந்த பனிக்கட்டிகளை ஒரு கிண்ணத்தில் எடுத்துப்போட்டு, அதன் நடுவே குவளையை வைத்துச் சில்லென்று ஆகும்வரை காத்திருந்தார்கள்.

"நீயே ஊத்து," என்றாள் பொடிசு. "மெதுவா, ஓரமா."

லொடலொடை குவளையைச் சாய்த்தான். கண்ணாடியை ஒட்டி நீலம் இறங்கியது. இந்த முறை அது நிற்கவே இல்லை. திரைச்சீலை அவிழ்வதுபோல நேராகக் கீழே விழுந்தது. தரையைத் தொட்டதும் திரும்பி, அடியோடு அடியாக ஊர்ந்து போனது. முதல் கல் வந்தது. நீலம் அதன்மேல் தயங்கி ஏறி, மறுபக்கம் சுருள் சுருளாகச் சரிந்து, மேலிருந்த தண்ணீரோடு கலந்தது.

எரிமலைப் பையன் எரிமலையை விட்டுவிட்டு வந்தான். கூட்டம் சேர்ந்தது.

மாணவன் ஒருவனின் அம்மா, வேலையிலிருந்து தீயணைப்பு வீரர் உடுப்போடு வந்திருந்தவர், முழங்காலிட்டு உட்கார்ந்தார். "கீழ போன தண்ணி திரும்பவும் மேல வருமா பாப்பா?"

"வரும் ஆன்ட்டி. கடலோட ஏத்த இறக்கம் அடியில இருக்கிற மலைங்க மேல மோதிக் கலக்கும். சில இடத்துல பலமான காத்தும் மேல இழுக்கும். கொஞ்சம் கொஞ்சமா வரும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"நாள் கணக்கு இல்ல. நூத்துக்கணக்கான வருஷம். சில தண்ணிக்கு ஆயிரம் வருஷம்கூட ஆகுமாம்."

"அவ்வளவு நாளும் இருட்டுலயேவா?" எரிமலைப் பையனின் குரல் இறங்கியிருந்தது.

"இருட்டுலதான். ஆனா வெறுங்கையோட போகாது. மேல இருந்தப்போ கரைஞ்ச காத்தை எடுத்துட்டுப் போகும். அதை வச்சுதான் அடியில இருக்கிற உயிருங்க மூச்சு விடுது."

சொல்லி முடித்தபோது பொடிசுக்கே கை மயிர் சிலிர்த்தது. இவ்வளவு நாளும் அது பாடத்தில் ஒரு வரி. இப்போது அது அவள் கண்ணெதிரே நடந்து போய்க்கொண்டிருந்தது.

"அப்போ இன்னைக்குக் கீழ போற தண்ணி மேல வர்றப்போ நாம யாருமே இருக்க மாட்டோம்," என்றான் லொடலொடை மெல்ல. "எரிமலை, நீயும்தான்."

எரிமலைப் பையன் கண்ணாடியிலிருந்து மூக்கை எடுக்காமலே தலையாட்டினான்.

கண்காட்சி முடிந்ததற்கான மணி அடித்தது. யாரும் நகரவில்லை. நீலம் மட்டும், அவசரமே இல்லாமல், அடுத்த மலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.