விஸ்கான்சின் போட்ட ஓட்டு

பனி வாரும் வண்டி பச்சைப் பலகை மாட்டிய வீடுகளின் வாசலை வழித்துவிட்டு, வாரிய பனியை எல்லாம் மஞ்சள் பலகை வீட்டு வாசலில் கொட்டிவிட்டுப் போனது. ஓட்டுநர் இல்லாத வண்டி. அதற்கு யார் மேலும் கோபம் கிடையாது. பலகையின் நிறத்தைப் பார்க்கும், அவ்வளவுதான். மெய்யப்பன் ஜன்னலோரம் நின்று, எதிர்வீட்டு டேல் மண்வெட்டியோடு இடுப்பளவு பனிக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் காட்சி இல்லாவிட்டால் அவருக்குக் காலைக் காபி இறங்காது.

"பாவங்க, முழங்கால் வலிக்காரர்," என்றாள் அவர் மனைவி உமையாள்.

"ப்ரூக்குக்கு ஓட்டுப் போடறப்ப முழங்கால் நல்லாத்தானே இருந்துச்சு?"

ப்ரூக் செத்துப் பல வருஷமாகிறது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த அதிபர் தேர்தலில் விஸ்கான்சின் மாநிலம் அறுநூற்றுச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் அவர் பக்கம் சாய்ந்தது. இந்த ஒரு மாநிலம் சாய்ந்ததால்தான் அவர் அதிபரானார். ஆனதும் வடதுருவக் கடலில் ஒரு போரை ஆரம்பித்துவைத்தார். அவர் சமாதியில் புல் முளைத்துவிட்டது; போர் மட்டும் ஓயவில்லை. ஒவ்வொரு மாநிலமும் வருஷத்துக்கு இத்தனை பிள்ளைகளை அனுப்பியாக வேண்டும், யாரை என்பது உங்கள் பாடு என்று வாஷிங்டன் கைகழுவிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் தடமானி வந்து சேர்ந்தது. நினைவு தப்பிய முதியவர்களுக்காகக் கண்டுபிடித்த கருவி. தலையில் கவசத்தை மாட்டி, பழைய படம் ஒன்றைக் கண்முன் காட்டினால், அன்று மூளை போன தடத்திலேயே மறுபடி ஓடும். மறைக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. விக்கலை அடக்கப் பார்ப்பது மாதிரிதான். பெண்டாட்டி முகத்தை மறந்த கிழவர்கள் அதைக் கொண்டு முகத்தை மீட்டார்கள். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் முகத்துக்குப் பதிலாகப் பழைய வாக்குச்சீட்டைக் காட்டிப் பார்த்தான். யார் யாருக்குப் போட்டார்கள் என்பது பளிச்சென்று தெரிந்தது.

அதற்கப்புறம் சட்டம் வர எவ்வளவு நேரமாகும்? வினை விதைத்தவன் வினை அறுக்கட்டும் என்று மாநிலம் முழுக்கக் கிளம்பிவிட்டார்கள். ப்ரூக்குக்குப் போட்டவர் மஞ்சள், எதிர்த்துப் போட்டவர் பச்சை. மஞ்சள் வீட்டுப் பிள்ளைகள் முதல் கப்பலில் போக வேண்டும். ஆஸ்பத்திரியில், ரேஷன் எரிபொருளில், பனி வாருவதில் எல்லாம் மஞ்சளுக்குக் கடைசி இடம்.

சட்டத்தின் கணக்குப் பகுதியை எழுதிக் கொடுத்தவர் மெய்யப்பன்தான். மேடிசன் நகரத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் காலமெல்லாம் ஆபத்தைப் பங்கு போட்டுச் சம்பாதித்தவர் அவர். எவன் ஆபத்தை வாங்கினானோ அவனே கட்ட வேண்டும் என்பது அவருக்கு வேதம். கூட்டத்தில் ஒரு சிக்கல் வந்தது: ஓட்டே போடாமல் வீட்டில் கிடந்தவர்களை என்ன செய்வது? பாவம், விட்டுவிடலாம் என்றார்கள். மெய்யப்பன் எழுந்தார். அறுநூறு ஓட்டில் தோற்றோம், லட்சம் பேர் சோபாவில் சாய்ந்திருந்தார்கள், மௌனம் சம்மதம், அவர்களும் மஞ்சள்தான் என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சட்டத்தின் மூன்றாவது விதியும் அவர் கொடுத்ததுதான். தாய் தகப்பனில் ஒருவர் எதிர்த்துப் போட்டு மற்றவர் போடாமல் இருந்தால் பிள்ளைக்கு விலக்கு. ஒருவர் எதிர்த்தும் ஒருவர் ஆதரித்தும் போட்டிருந்தால் ஒன்றை ஒன்று கழித்துவிடும். கழித்தால் பூஜ்யம், பூஜ்யம் என்றால் போடாத வீடு, போடாத வீடு மஞ்சள்.

இந்தக் கழித்தல் கணக்கு அவருக்குப் புதிதல்ல. அந்தத் தேர்தல் அன்று காலையில் மனைவியிடம் சொன்னதே இதைத்தான். உமையாளுக்கு ப்ரூக்கைப் பிடித்திருந்தது; விசா வரிசையில் காத்துக் கிடப்பவர்களைச் சீக்கிரம் உள்ளே விடுவேன் என்று அவர் சொல்லியிருந்தார், அவள் தம்பி பழனி அந்த வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தான். மெய்யப்பனுக்கு ப்ரூக்கின் முகத்தைக் கண்டாலே ஆகாது. "உன் ஓட்டும் என் ஓட்டும் கழிஞ்சு போயிரும் உமையா. குளிர்ல எதுக்கு ரெண்டு பேரும் அலையணும்? வீட்டுலயே இருப்போம்," என்றார். அவளும் சரி என்றாள். சற்று நேரம் கழித்துக் காருக்குச் சார்ஜ் போட்டு வருகிறேன் என்று வெளியே போனவர், நேரே வாக்குச்சாவடிக்குப் போய் எதிர்த்துப் போட்டுவிட்டு வந்தார். பெண்டாட்டியை வீட்டில் உட்கார வைத்துவிட்டுத் தான் மட்டும் போட்ட அந்த ஓட்டில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

இரண்டு வருஷத்துக்கு முன் வாசல் பலகைக்காகத் தடமானியில் உட்கார்ந்தபோது அந்தத் திருட்டுத்தனம் வெளியே வந்தது. பலகைக்கு வீட்டில் ஒருவரைப் படித்தால் போதும். "நாட்டுக்காகச் செஞ்சேன்," என்றார். உமையாள் ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார்.

படைக்கு ஆள் எடுப்பதற்குத் தாய் தகப்பன் இருவரையும் படிக்க வேண்டும். மகன் சாத்தப்பனுக்கு அழைப்பு வந்த மறுநாள், உமையாள் தோசைக் கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சுட்டா கணக்கு தனித்தனியாத்தானே வரும்?"

"வந்துக்கிட்டு இருந்துச்சு. மஞ்சக்காரங்க எல்லாம் பிள்ளையக் காப்பாத்தப் பொய்யா விவாகரத்து வாங்க ஆரம்பிச்சாங்க. போன கூட்டத்துல அந்த ஓட்டையையும் அடைச்சுட்டேன். ஓட்டுப் போட்ட அன்னைக்கு யார் யாரோட இருந்தாங்களோ அதுதான் கணக்கு." சட்னியைத் தொட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "ஏன், என்னைய விட்டுட்டுப் போகலாம்னு பார்க்கறியா?"

உமையாள் சிரிக்கவில்லை. தோசை கருகிவிட்டது.

சோதனை மையம் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருந்தது. பரிசோதகப் பெண் மெய்யப்பனின் பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "மூணாவது விதிய எழுதினது நீங்கதானே சார்? பயிற்சியில முதல்ல அதைத்தான் சொல்லித் தந்தாங்க. அவ்வளவு தெளிவா இருக்கும்." மெய்யப்பன் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டார். கவசத்தை அவர் தலையில் மாட்டினார்கள். பழைய வாக்குச்சீட்டு கண்முன் வந்தது. விளக்கு பச்சையாக எரிந்தது. வெளிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றிருந்த சாத்தப்பனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

பிறகு உமையாள் உட்கார்ந்தாள். கவசம் மாட்டும்போதே கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடினாலும் படம் உள்ளே போகும் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். விளக்கு மஞ்சளாக எரிந்தது.

மெய்யப்பன் கருவியில் கோளாறு என்றார். மறுபடி படித்தார்கள். மறுபடியும் மஞ்சள். "பச்சை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு. மூணாவது விதிப்படி பூஜ்யம் சார்," என்றாள் அந்தப் பெண். அவள் குரலில் இன்னும் மரியாதை இருந்தது.

தாழ்வாரத்தில் சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"நீ போனியா?" என்றார் மெய்யப்பன்.

"போனேன்."

"நாமதான் பேசி முடிவு பண்ணோமே. ரெண்டு பேரும் போக வேண்டாம்னு."

"சார்ஜ் போடப் போறேன்னு சட்டைய அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டுக் கிளம்புனீங்க. சார்ஜ் போட எந்த ஆம்பள சட்டை அயர்ன் பண்றான்? நீங்க ஏமாத்தப் போறீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. நான் மட்டும் எதுக்கு ஏமாளியா உக்காந்திருக்கணும்னு டாக்சி பிடிச்சுப் போனேன்."

"நிறைமாசமால்ல இருந்த அப்போ."

"ஆமா. வரிசையில நிக்கறப்ப இவன் உதைச்சான். முன்னால நின்ன ஒரு அம்மா பாத்துட்டு, நீங்க முதல்ல போங்கன்னு வழி விட்டாங்க."

மெய்யப்பன் அவள் பக்கம் திரும்பினார். "ரெண்டு வருஷமா ஏன் சொல்லல? நான் அந்த விதிய எழுதறப்பயே சொல்லியிருந்தா..."

"போர் முடிஞ்சுரும்னு அப்ப எல்லாரும் பேசிக்கிட்டாங்க. நானும் நம்பினேன்." அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அதோட, நான் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? விதிய நமக்குத் தகுந்த மாதிரி வளைச்சிருப்பீங்க. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வளைக்கலையே. உங்கள நான் நம்பியிருந்தா அன்னைக்கு வீட்டுல இருந்திருப்பேன், இவன் இன்னைக்குத் தப்பிச்சிருப்பான். நம்பலைங்க. அதுதான் நான் பண்ணுன தப்பு."

சாத்தப்பன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, "அப்பச்சி, காரை யார் ஓட்டறது?" என்று மட்டும் தகப்பனிடம் கேட்டான். சாவியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

அந்த வாரமே அவனைச் சுப்பீரியர் துறைமுக முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வாசல் பலகை மஞ்சளாக மாறியது. மெய்யப்பன் ஒரே ராத்திரியில் மனிதாபிமானி ஆனார். ஒருவர் போட்ட ஓட்டுக்கு அவர் பிள்ளையைத் தண்டிப்பது காட்டுமிராண்டித்தனம் என்று கூட்டத்தில் பேசினார். போன வருஷம் இதையே பேசிய பாதிரியாரைக் கோழை என்று ஏசியதும் அவரேதான். அவருடைய பழைய கூட்டாளிகள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள், ஒருவரும் தட்டவில்லை. ஆனாலும் மஞ்சள் வீடுகளில் முணுமுணுப்பு பெருகி, சட்டம் இருக்கலாமா வேண்டாமா என்று மாநிலம் முழுவதற்கும் ஒரு வாக்கெடுப்பு வைப்பதாயிற்று. சட்டத்தை எடுத்துவிட்டால், இன்னும் கப்பல் ஏறாத பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எல்லா வீட்டுக்கும் பொதுவாகச் சீட்டுக் குலுக்கி ஆள் எடுப்பார்கள். சாத்தப்பன் இன்னும் கப்பல் ஏறவில்லை.

மெய்யப்பன் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒரு மத்தியானம் டேல் வீட்டுக் கதவையும் தட்டினார். டேலின் மகன் ரயன் முதல் கப்பலில் போனவன். போன வேகத்திலேயே கடலோடு போய்விட்டான். சேதி வந்த அன்று, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மெய்யப்பன் சொன்ன வார்த்தை டேல் காதில் விழுந்திருந்தது.

டேல் அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். சொன்னதையெல்லாம் கேட்டார்.

"சட்டத்த எடுத்துட்டா உங்க பையன் வருவான். அப்படித்தானே மெய்?"

"எல்லாருடைய பையனும் வருவான் டேல்."

"எல்லாருடைய பையனுமா," என்றார் டேல். முழங்காலை நீவிக்கொண்டார். "அன்னைக்கு என் பையன் செத்தது நியாயம்னு சொன்னீங்க. விதைச்சத அறுக்கறாருன்னு சொன்னீங்க. அது நியாயமா இருந்தாத்தான் என்னால தூங்க முடியுது. இப்ப சட்டமே தப்புன்னு சொல்லி என் தூக்கத்தையும் கேட்டா எப்படி? சட்டம் இருக்கணும்னுதான் நான் போடப்போறேன்."

மெய்யப்பன் எழுந்து வந்துவிட்டார். பச்சை வீடுகளின் ஓட்டு கிடைக்காது என்று அவருக்கு முன்பே தெரியும். டேல் மாதிரி பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் ஓட்டும் கிடைக்காது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டார். மிச்சம் இருந்தது முகாமில் காத்திருக்கும் பிள்ளைகள். பதினெட்டு தாண்டியவர்கள், ஆயிரக்கணக்கானவர்கள், இழுபறியான தேர்தலைத் தூக்கி நிறுத்தப் போதுமான ஓட்டு. சொந்த உயிருக்காவது போட மாட்டார்களா என்று உமையாளிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் பூஜை விளக்கை அணையவிடாமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

முகாமில் வாக்கெடுப்பு முன்னதாகவே நடந்தது. அன்று சாயங்காலம் சாத்தப்பன் தொலைபேசியில் பேசினான்.

"ஓட்டுப் போட்டாச்சு அப்பச்சி. என் முதல் ஓட்டு."

"நல்லதுப்பா. உங்க ஆளுங்க எல்லாரும் சட்டத்த எடுக்கணும்னுதானே போட்டாங்க?"

"இல்ல. இருக்கணும்னு போட்டோம்."

மெய்யப்பன் சரியாகக் கேட்கவில்லை என்றார். அவன் மறுபடியும் சொன்னான், அதே நிதானத்தோடு.

"எங்க அப்பா அம்மா போட்ட ஓட்டுக்கு நாங்க போறோம். நாளைக்குப் பச்சை வீட்டுக்காரனும் ஏதாவது ஒரு தேர்தல்ல தப்பாப் போடுவான்ல. அன்னைக்கு அவன் பிள்ளையும் போகட்டும். இங்க எல்லாரும் பேசி வச்சுத்தான் போட்டோம். ஒருத்தனும் ஏமாத்தல. யாரும் போட்டத மறைக்க முடியாதே, தடமானி இருக்குல்ல."

"டேய் சாத்து, எடுத்துட்டா நீ வீட்டுக்கு வந்துரலாம்டா. உனக்கு யாரும் சொல்லலையா?"

"தெரியும் அப்பச்சி."

"தெரிஞ்சுமா?"

எதிர்முனையில் பையன்களின் சத்தம் கேட்டது. யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

"வந்தா உங்க ரெண்டு பேர் கூடவும் உக்காந்து சாப்பிடணும்," என்றான் சாத்தப்பன். "யோசிச்சுப் பாத்தேன். அதுக்குக் கப்பலே பரவாயில்லன்னு தோணுச்சு. வைக்கறேன், பின்னால ஆள் நிக்கறாங்க. ஆத்தாகிட்ட கேட்டதாச் சொல்லுங்க."

மெய்யப்பன் தொலைபேசியைக் கீழே வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அழுகை வருமென்று பார்த்தார், வரவில்லை. உமையாள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அவனா? என்ன சொன்னான்?"

"ஓட்டுப் போட்டுட்டானாம்."

"எதுக்குப் போட்டான்?"

"நம்ம பக்கந்தான்," என்றார் மெய்யப்பன்.

உமையாள் அவர் முகத்தைப் பார்த்தாள்; சார்ஜ் போடப் போகிறேன் என்று கிளம்பிய அன்றைய அதே முகம். பிறகு உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, மாடியேறி மகனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.