முகம் இன்னும் வரேல்லை

சண்டை ஓய்ந்து பாதை திறந்த மறுவருசம் அது. சுவிஸிலிருந்து வந்திருந்த இளையதம்பி, மடத்துவெளியில் பாழாய்க் கிடந்த தன் வீட்டைத் திருத்தி முடித்ததும், முற்றத்தில் ஒரு தாமரைத் தடாகம் வேண்டும் என்றார். அதைக் கட்ட ஊர்காவற்றுறையிலிருந்து மேசன் சவிரிமுத்து வந்து இறங்கியபோது மணலும் கல்லும் ஏற்கெனவே குவிந்திருந்தன. உழவு இயந்திரக்காரன் தனுஜன் கரையிலிருந்தே அள்ளிக் கொட்டியிருந்தான்.

"உப்பு மணல், ஐயா. பிறகு வெடிக்கும்."

"எத்தினை மாரி கழுவின மணல்! நீர் பயப்பிடாமல் பூசும்."

சுவர் எழுந்தது. கடைசியாகத் தரைக்குச் சீமெந்து பூசி, மட்டப்பலகையால் வழித்துவிட்டு, பொழுதுபட வீட்டுக்குப் போனார் சவிரிமுத்து.

காலையில் தரை நடுவே ஒரு பள்ளம்.

ஒரு மனிதன் ஒருக்களித்துப் படுத்த அளவு.

"ஆரோ வெறியிலை விழுந்து கிடந்திருக்கிறான்," என்று சிரித்தார் இளையதம்பி.

"அவன் ஏறிப்போன காலடி எங்கை, ஐயா?"

சிரிப்பு நின்றுபோனது.

சவிரிமுத்து திரும்பவும் பூசினார். மறுநாள் பள்ளம் இன்னும் தெளிவாக இருந்தது. மடிந்த முழங்கால், சாரத்தின் சுருக்கம், விரித்த விரல்கள். முகம் இருக்கவேண்டிய இடம் மட்டும் மொட்டையாக. அதில் கசிந்து நின்ற நீரைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

கடல்.

வாசல் படலையடியில் உழவு இயந்திரத்தோடு நின்ற தனுஜனை ஓடிப்போய்ப் பிடித்து உலுக்கினார்.

"எங்கையடா அள்ளினனி?"

"தாழம்பத்தைக்குப் பின்னாலை, அண்ணை. கல்லும் அடுக்கிக் கிடந்துது. நல்ல கல்லெண்டு அதையும் ஏத்தினனான்."

தனுஜன் வன்னிப் பக்கத்திலிருந்து வந்தவன். அவனுக்குத் தெரியாது. பேர் தெரியாமல் கரையொதுங்கும் பிரேதங்களைக் கடற்தொழிலாளிகள் அந்த மணலிலேயே புதைத்து, தலைமாட்டில் கல் அடுக்கிவிட்டு வருவார்கள்.

"ஒரு இடத்திலையோ கல் கிடந்தது?"

"இல்லை அண்ணை… வரிசையாக் கிடந்தது."

சீமெந்தின்மேல் போடும் சாக்குகளை நனைக்க வாளியோடு வந்த கூலிக்காரி அன்ரனிட்டா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். கடலுக்குப் போன அவள் புருசன் பிலிப்பு திரும்பி வரவேயில்லை. அவள் கறுப்பு உடுக்கவில்லை, அவனுக்காகப் பூசை கேட்கவில்லை. 'செத்ததை ஆர் கண்டது?' என்று ஊர்வாயை அடைத்துவிடுவாள்.

"அண்ணை, இன்னொருக்காப் பூசுங்கோ."

"விசரே உனக்கு? இதை உடைச்சுக் கொண்டுபோய்க் கரையிலை புதைக்கவேணும்."

"முகம் இன்னும் வரேல்லை, அண்ணை." அவள் வாளியைக் கீழே வைத்தாள். "அவரோ இல்லையோ எண்டு ஒருக்காத் தெரிஞ்சால் போதும். இப்பிடி இருக்க இனி ஏலாது."

அந்தக் கண்களுக்கு முன்னால் மறுக்க அவரால் முடியவில்லை. பூசினார்.

இருள் கவியும் மம்மல் பொழுது. காற்று விழுந்துவிட்டது. கரை வெகு தூரம். ஆனாலும் அழுகிய சாதாளைப் பாசியின் மணம் முற்றமெங்கும் எழுந்து நின்றது. இளையதம்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்ரனிட்டா தடாகத்து மூலையில் இறங்கி நின்று லாம்பைத் தூக்கிப் பிடித்தாள்.

ஈரச் சீமெந்தில் ஒரு குமிழ் வெடித்தது.

பிறகு இன்னொன்று.

மூச்சு.

தரை மெல்ல உள்வாங்கியது. தோள் விழுந்தது. கழுத்து விழுந்தது. நெற்றி, மூக்கு, பாதி திறந்த வாய்…

அன்ரனிட்டா குனிந்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இது அவரில்லை."

சவிரிமுத்து நெஞ்சில் சிலுவை போட்டார். "மாதாவே! வா பிள்ளை, ஏறி வா. நாளைக்குக் காலமை சுவாமியாரைக் கூட்டிக்கொண்டு வருவம்."

அவள் அசையவில்லை. "மற்ற ஆக்களும் நிக்கினமெல்லோ, அண்ணை. வரிசையிலை."

அவர் கையிலிருந்த மட்டப்பலகையை வாங்கிக்கொண்டாள். அந்நியனுடைய அந்த முகத்தை, தூங்குகிறவனுக்குப் போர்த்துவதுபோல, மெதுவாக வழித்து மூடினாள்.

சவிரிமுத்து ஓடினார். படலையடியில் கால் தடுக்கி, ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

லாம்பைத் தரையில் வைத்துவிட்டு, முழந்தாளில் நின்று, அவள் இந்த மூலையிலிருந்து வழித்துக்கொண்டு போனாள். எதிர் மூலையிலிருந்து, ஆளில்லாமலே, ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சீமெந்து வழிக்கப்பட்டு வழிக்கப்பட்டு அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"ஆரெண்டாலும் வாங்கோ," என்றாள் அன்ரனிட்டா.