மூன்றடிச் சுவர்

மத்தியானம் இரண்டு மணிக்குச் சர்வேயர் அந்தப் பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்தார். கையில் டேப், கக்கத்தில் வரைபடச் சுருள். முப்பது வருஷமாக ஊரையே அளந்து தள்ளிய மனிதர். இன்று அளக்க வந்ததோ சொந்த மகளின் வீட்டை.

நிலம் எல்லோருக்கும் பொது, வீடு அவரவருக்கு. அப்படித்தான் இந்தக் கட்டடத்தைப் பிரித்துப் பதிந்தார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் முடித்துவிட்டார்கள். மகள் வீடு மட்டும் பாக்கி; இன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்குள் பதியாவிட்டால் அது கட்டடத்தின் பழைய முதலாளிக்கே போய்விடும். மருமகன் இறந்துபோய் நாலு மாதம் ஆகிறது. அவளுக்கோ இது ஏழாம் மாதம். இந்த இரண்டு அறையும் போனால் அவள் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

அளப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அறைகளின் அளவையும் சுவர்களின் கனத்தையும் கூட்டினால், கட்டடத்தின் வெளி அளவு அப்படியே வர வேண்டும். பக்கத்து வீட்டையும் அளந்து கூட்டினார். வரவில்லை. மறுபடி அளந்தார்.

"கணக்கு இடிக்குதும்மா."

"எவ்வளவுப்பா?"

"மூணு அடி. உன் படுக்கையறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல."

மகள் முகம் வெளுத்துப்போனது. "அங்கதாம்பா யாரோ மூச்சு விடுற மாதிரி கேக்கும். சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல."

சர்வேயர் சிரிக்கவில்லை. சுவரில் காதை வைத்தார். ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது. விரலை மடக்கித் தட்டினார். உள்ளே வெற்றிடம்.

உள்ளேயிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

பிறகு, ஒரு பெண்ணின் குரல், காதோடு ஒட்டினாற்போல்:

"என்னையும் எழுதுங்க."

சர்வேயர் சட்டென்று சுவரை விட்டு விலகினார். நியாயமாகப் பார்த்தால் 'உரிமை தெரியாத இடம்' என்று எழுத வேண்டும். எழுதினால் அறிவிப்பு ஒட்டி, ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். மணி மூன்றாகப் போகிறது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவி மனுஷன், வேறென்ன செய்வார்? வரைபடத்தை விரித்து அந்த மூன்றடியையும் கறுப்பாக நிரப்பினார். பக்கத்தில் 'சுவர்' என்று எழுதினார்.

"அப்பா, உள்ள ஆள் இருக்கு."

"யாரும் இல்லம்மா. வெறும் சுவர்."

சுவருக்குள் சத்தம் நின்றுவிட்டது.

பதிவு அலுவலகத்தில் எழுத்தர் வரைபடத்தைத் தூக்கிப் பார்த்தார். "மூணடிக்குச் சுவரா? வீடு கட்டினாங்களா, கோட்டை கட்டினாங்களா?"

சர்வேயர் சிரித்து மழுப்பினார். முத்திரை விழுந்தது.

"உரிமைக்காரங்கதான் நேர்ல வந்து பத்திரம் வாங்கணும். கூட்டிட்டு வாங்க."

மனசெல்லாம் நிறைந்து திரும்பி வந்தார். கதவு திறந்தே கிடந்தது. இரண்டு அறையிலும் மகளைக் காணோம்.

"அம்மாடி?"

"அப்பா."

குரல் சுவருக்குள்ளிருந்து வந்தது.

"இருட்டா இருக்குப்பா. கைய நீட்ட முடியல."

சுத்தியலைத் தேடி எடுத்து வெறி பிடித்தவர் போல் அடித்தார். பூச்சு உதிர்ந்தது. பின்னால் செங்கல். அதைப் பெயர்த்தால் அதற்குப் பின்னாலும் செங்கல். கொஞ்ச நேரம் முன்பு வெற்றிடமாக ஒலித்த இடம் இப்போது, அவர் எழுதியபடியே, இடைவெளி இல்லாத கெட்டிச் சுவர். ஒவ்வொரு கல் பெயரும்போதும் மகளின் குரல் இன்னும் தள்ளிப் போனது.

சுத்தியலைப் போட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

"நான் எழுதுனது பொய். ரத்து பண்ணுங்க, உங்க கால்ல விழறேன்."

எழுத்தர் பதறி எழுந்தார். "பதிஞ்சது பதிஞ்சதுதான் சார். உரிமைக்காரங்க கையெழுத்து இல்லாம மாத்த முடியாது. உங்க மகதான் இப்ப வந்து பத்திரத்த வாங்கிட்டுப் போனாங்களே, அவங்ககிட்டயே கேட்டிருக்கலாமே."

"என் மகளா?"

எழுத்தர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். மகளின் பெயர். மகளின் கையெழுத்து. அதன் மேல் வெள்ளையாக ஒரு விரல் தடம்.

"உடம்பெல்லாம் சுண்ணாம்பு. என்னம்மான்னு கேட்டேன். வீட்ட ஒழுங்கு பண்றேன்னாங்க."

எப்படி மாடி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இரண்டு கையாலும் அறைந்தார்.

"என் பிள்ளைய விட்டுடு தாயி. அவ வயித்துல ஒரு உசுரு இருக்கு. என்னை வேணா உள்ள வச்சுக்கோ."



கதவில் காதை வைத்தார். வெகு தொலைவில், செங்கல்லுக்கு அப்பால், "அப்பா" என்று ஒரு முனகல்.

அதற்கு இந்தப் பக்கம், அவர் பெயர்த்த பள்ளத்தில் யாரோ அவசரமே இல்லாமல் ஈரச் சாந்தை அப்பி, கரண்டியால் இழைத்துப் பூசிக்கொண்டிருந்தார்கள்.