டயர் அடுக்குக்குப் பின்னால்

மழை பிடித்துக்கொண்டதால் அன்று மைதானத்தில் கார்ட் என்னும் குட்டிப் பந்தய வண்டிகளின் ஓட்டம் இல்லை. சின்னவள் நனைந்த செருப்பை வாசலில் உதறிவிட்டு, திரையைப் பார்த்தே ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் அறைக்குள் நுழைந்தாள். தகரக் கூரையில் மழை இரைந்தது. ஈரத் துணி வாடை. ஒரு ஸ்டீயரிங், இரண்டு பெடல்கள், எதிரே அகலத் திரை. வெளியே இருக்கும் அதே குட்டி டிராக்தான் திரையிலும் இருந்தது. கண் இமைத்தால் அடுத்த வளைவு வந்துவிடும், அவ்வளவு நெருக்கம்.

இங்கே யாருடைய சுற்று வேகமோ, அவளுக்குத்தான் இந்த வருடம் அணியின் நிஜ கார்ட். அந்த வேகமான சுற்று பதிவாகி, ஓட்டுபவர் இல்லாமலே திரையில் திரும்பத் திரும்ப ஓடும், மற்றவர்கள் துரத்திப் பழக. அதைப் பேய் வண்டி என்பார்கள். இப்போது ஓடிக்கொண்டிருந்தது சின்னவளின் பேய் வண்டி.

அது திருட்டுச் சுற்று. கொண்டை ஊசி வளைவில் எல்லோரும் பிரேக் போட்டுத் திணறும்போது, இவள் ஓரத்தில் தடுப்பாக வைத்திருக்கும் டயர் அடுக்குக்குப் பின்னால் புல்லில் புகுந்து குறுக்கே வந்துவிடுவாள். இயந்திரத்துக்கு அது பிடிபடவில்லை. கூடப் பயிற்சி செய்யும் பெரியப்பா மகள், இவளுக்கு அக்கா, ஒழுங்காகப் பிரேக் போட்டே தோற்றாள்.

ஒன்றுதான் உறுத்தியது. வெறும் புல்தான் அங்கே. ஆனாலும் குறுக்கே போகும் ஒவ்வொரு முறையும் ஸ்டீயரிங் கையில் குலுங்கும்.

தொப்.

மூட்டை மேல் ஏறி இறங்கியது போல. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். யாரிடம் போய்க் கேட்பது?

கதவு திறந்தது. அக்கா பெரியப்பாவைத் தோளில் தாங்கி அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். மைதானத்தில் கொடி காட்டுபவர் அவர். கொண்டை ஊசி வளைவில், அந்த டயர் அடுக்குக்குப் பின்னால்தான் அவருடைய இடம். சிமுலேட்டருக்காக டிராக்கைப் படம் பிடித்த அன்றும் அங்கிருந்து நகர மாட்டேன் என்று நின்றார். பிறகு அவர் உருவத்தை மட்டும் படத்திலிருந்து அழித்தார்கள்.

"கால்ல என்ன பெரியப்பா?"

"என்னன்னே தெரியலம்மா. சும்மாதான் நிக்கிறேன். யாரோ காலை வாரிவிட்ட மாதிரி விழுந்துடறேன்."

"நீ ஜெயிச்ச நாள்லேருந்து இப்படித்தான்," என்றாள் அக்கா. "எக்ஸ்ரேல ஒண்ணுமே இல்ல. டாக்டர் கையை விரிச்சுட்டார்."

தைலம் தடவ அவள் பேன்ட்டை மடித்துவிட்டாள். முழங்காலுக்குக் கீழே கறுப்பாகக் கன்றியிருந்தது. கறுப்புக்குள் வரி வரியாகக் கோடுகள்.

டயரின் கோடுகள்.

திரையில் பேய் வண்டி டயர் அடுக்குக்குப் பின்னால் புகுந்தது. யாரும் தொடாத ஸ்டீயரிங் குலுங்கியது.

தொப்.

"அம்மா!" என்று பெரியப்பா காலைப் பிடித்துக்கொண்டார்.

ரப்பர் கருகும் நாற்றம் அறை முழுக்கப் பரவியது. சின்னவள் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தச் சுற்று அழிந்துவிடும். கார்ட்டும் கைவிட்டுப் போய்விடும். நாளைக்குத்தான் தருகிறார்கள். வாங்கிய பிறகு அழித்தால் என்ன? ஒரே ஒரு நாள்தானே?

குட்டி டிராக். அவள் யோசித்து முடிப்பதற்குள் வண்டி மறுபடி வளைவுக்கு வந்துவிட்டது.

தொப்.

பெரியப்பா நாற்காலியிலிருந்து சரிந்தார். அந்த வலியிலும் அவளைப் பார்த்துவிட்டு, "நீ ஏம்மா அழற? எனக்கு ஒண்ணுமில்ல. உன் வண்டிக்கு முதல் கொடி நான்தான் ஆட்டுவேன்," என்றார்.

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அவள் பாய்ந்து போய்ப் பொத்தானை அழுத்தினாள். டிராக் காலியானது. கூசிப் போன உடம்போடு அக்காவின் காதருகே குனிந்தாள்.

"அக்கா, நான் டயருக்குப் பின்னால போய்த்தான் ஜெயிச்சேன். அந்த வண்டிதான் பெரியப்பாவை... தெரிஞ்சப்புறமும் ஒரு சுற்று விட்டுட்டேன்."

அக்கா திட்டியிருந்தால் தேவலை. அவள் நேரே மின்சாரப் பெட்டிக்குப் போய் மெயின் சுவிட்சையே அணைத்தாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாத," என்றாள் மெதுவாக. "உன்னைப் பத்தித்தான் போற வர்றவங்ககிட்ட எல்லாம் பெருமையா பேசிட்டிருக்கார்."

சின்னவளுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

மழை விட்டது. பெரியப்பா காலை உதறிப் பார்த்தார். "அட, வலி போயிடுச்சே!" என்று சிரித்தபடி, வளைவில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா பார்க்க மஞ்சள் கொடியோடு கிளம்பினார். இருவரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

முதுகுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது.

சின்னவள் திரும்பினாள். திரை இருண்டு கிடந்தது. மின்சாரம் இல்லாத ஸ்டீயரிங் இடது பக்கம் திரும்பியது. பிறகு வலது. மறுபடி இடது. எந்த வளைவில் எவ்வளவு திருப்புவது என்று அவள் கைக்கு மனப்பாடம். அடுத்தது கொண்டை ஊசி.

"பெரியப்பா! அங்க நிக்காதீங்க!"

அவர் டயர் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுவிட்டிருந்தார். அவள் வாழ்த்துகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, சந்தோஷமாகக் கொடியை ஆட்டினார்.

மைதானத்தில் ஒரு வண்டியும் இல்லை. ஈரப் புல்லில் அவரை நோக்கி இரண்டு டயர் தடங்கள் நீண்டுகொண்டே போயின.