கழற்றிய முட்டுகள்

ஏழாவது முறையும் கணக்கு அதே இடத்தில் இடறியது. ரவ்ஷான் கண்களைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். கரகண்டாவின் அந்த நிலக்கரிச் சுரங்கத்தில், அறுநூறு மீட்டர் ஆழத்தில், ஒரு பழைய பாதையின் கூரையைத் தாங்கிய இரும்பு முட்டுகளைப் போன வாரமே கழற்றியாகிவிட்டது. ஒரே நாளில் கூரை இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. பாறையில் பதித்த கருவிகள் அனுப்பும் எண்களோடு அவளுடைய கணினிக் கணக்கு ஒத்துப்போக வேண்டுமென்றால், காலியாகக் கிடக்கும் அந்தப் பாதையில் இன்னும் மூன்று முட்டுகள் நின்றாக வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் நாற்பது டன்.

பதினோரு வருடமாகப் பாறையின் பாரத்தைக் கணக்குப் போட்டு அவளுக்கு அலுத்துவிட்டிருந்தது. ஆனால் பக்கத்துப் பாதையில் மதிய ஷிப்ட் இறங்க அவள் கையெழுத்து வேண்டும். மேஸ்திரி ஒராஸ்பாயைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, உள்ள மூணு முட்டு விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"எண்ணித்தாம்மா எடுத்தேன். இருபத்தாறும் மேல பனியில கிடக்கு. உன் கம்ப்யூட்டருக்கும் உன்ன மாதிரியே தூக்கம் பத்தல போல."

"ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாம். வாசல்லயே நின்னு."

சுரங்க லிப்ட்டின் கூண்டு இறங்கியது. ஈரக் கரியும் இயந்திர எண்ணெயும் கலந்த வாடை தொண்டையில் படிய, காற்றோட்ட விசிறிகளின் இரைச்சல் முதுகுக்குப் பின்னால் தேய்ந்து தேய்ந்து ஓய, இருவரும் வெகுதூரம் நடந்தார்கள். பாறை எப்போதும் முனகிக்கொண்டே இருக்கும். அந்தப் பாதையின் வாசலில் மட்டும் முனகவில்லை.

விளக்கை உள்ளே திருப்பினாள். காலி. இரும்பு ஒன்றுகூட இல்லை. தரையில்தான் தடங்கள் இருந்தன. இரண்டிரண்டாக, மூன்று இடங்களில். தூசியில் அல்ல, கல்லில். கணுக்கால் ஆழத்துக்குப் பூட்ஸ் தடங்கள். கணினிக் கணக்கில் அவள் முட்டு வைத்த அதே இடங்கள்.

"எவன் வேலைடா இது," என்று முணுமுணுத்தபடி ஒராஸ்பாய் நான்கடி உள்ளே போய்விட்டார்.

"அண்ணே, போகாதீங்க."

மேலே விரிசல் ஓடியது. தூசி கொட்டியது. ஒராஸ்பாயின் கைகள் உயர்ந்தன. மெதுவாக, யாரோ கொஞ்சம் பிடிக்கச் சொன்னதுபோல. உள்ளங்கைகள் கூரையில் பதிந்தன. விரிசல் நின்றது.

"வாங்கண்ணே."

"வர முடியலம்மா." குரலில் பயமில்லை. அலுப்புதான் இருந்தது. "நீ போ. இவங்க ரொம்ப நேரமாப் பிடிச்சிட்டு நிக்கறாங்க."

ஓடிப்போய் அவர் பெல்ட்டைப் பற்றி இழுத்தாள். அசையவில்லை. கையைத் தொட்டாள். சில்லென்ற இரும்பு.

கீழே பார்த்தாள். பூட்ஸ் கல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல். விரல் அளவு. பிறகு கணுக்கால்.

அவர் மூச்சை இழுத்தார். அவரைச் சுற்றியிருந்த வெற்றிருட்டில், இன்னும் மூன்று பேர் கூடவே மூச்சை இழுத்தார்கள்.